ஒரே நாற்காலியில் இரண்டு பேர்

தெருவில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மா. ஓய்வு பெற்று, அந்த வக்கீல் அலுவலகமே வேறு கட்டடத்துக்கு மாறிப் போன பிறகும் அந்தப் பட்டம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்பு தொடங்கித் தலை நரைக்கும் வரை வக்கீல் சொல்லச் சொல்லத் தட்டியவள். வக்கீல் கோபத்தில், "அந்தப் பய வீட்டுக்குள்ளயே புகுந்துட்டான்" என்பார். தாளில், "மேற்படி நபர் மேற்படி வீட்டினுள் அத்துமீறி நுழைந்தார்" என்று விழும். நடை தட்டுகிறவளுடையது; பொறுப்பு சொன்னவருடையது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தானாக வருகிற புத்தி அது.

அவள் புருஷன் வாஷிங் மெஷின் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் கடை. எந்நேரமும் அங்கே ஒரு மெஷின் பின்பக்கத் தகடு கழற்றப்பட்டு, வயிறு தெரியக் கிடக்கும். பேச்சு அவருக்கு வராது. வந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வரும். மெஷின் ஆடுகிறது என்று யாராவது புலம்பிக்கொண்டு வந்தால், நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன டைப்பிஸ்டம்மா, வீட்டுக்காரர் இன்னைக்கும் வெட்டி வெட்டித்தான் பேசுறாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகன் படிப்பதற்காக வாங்கியது. அவன் வெளியூர் வேலைக்குப் போனதும் கவர் போட்டு மூடியிருந்தது. விடுமுறைக்கு வந்த மகன் ஒருநாள் அதைத் திறந்து, வீட்டுச் சாமான் ரிப்பேர் பற்றி ஊர் உலகமெல்லாம் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற ஓர் இணைய மன்றத்தை அப்பாவுக்குக் காட்டினான். அதில் யாரோ ஒருவன், மெஷினில் தண்ணீர் வடியாவிட்டால் மோட்டாரை மாற்று என்று எழுதியிருந்தான். மெக்கானிக்குக் கண் சிவந்துவிட்டது. அடியில் இருக்கிற வடிகட்டியைக் கழற்றிச் சட்டைப் பொத்தானையும் சில்லறையையும் எடுத்துப் போட வேண்டிய வேலைக்கு மோட்டாரை மாற்றச் சொல்கிறானே என்று கொதித்தார். கையோ ஸ்பேனர் பிடித்துத் தடித்த கை. ஒரு விரல் வைத்தால் மூன்று எழுத்து விழும். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இந்தா, எழுது. அவன் சொல்றது தப்புன்னு எழுது."

அவள் எழுதினாள். "மேற்படி மோட்டாரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை" என்றுதான் எழுதினாள்.

மகன் தன்னுடைய பழைய மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்து, அப்பாவுக்கு 'பெல்ட்' என்று ஒரு பெயர் வைத்துக் கணக்குத் தொடங்கினான். சில மாதங்களில் அவளுக்கும் ஆசை வந்தது. எந்தக் கறைக்கு எது, எந்தத் துணிக்கு எவ்வளவு சோப்பு என்று அவளுக்குத் தெரிந்ததும் கொஞ்சமா? 'சோப்புநுரை' என்று தனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக்கொண்டாள். மன்றத்தில் அவர்கள் பெல்ட் அண்ணனும் நுரை அக்காவும் ஆனார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி, தட்டுவது ஒரே கை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். வீட்டில் இருந்த சண்டையெல்லாம் அங்கே குடியேறியது. கனத்த போர்வையை மெஷினில் போடலாமா என்று யாரோ கேட்க, மெக்கானிக் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, போடுகிறவர்களுக்கு அறிவு கிடையாது என்று எழுதச் சொன்னார். வீட்டுப் போர்வைகளை அன்று காலைதான் மெஷினில் போட்டிருந்தாள் அவள். அது தனக்கு என்று தெரிந்தே, ஒரு சொல் விடாமல் பெல்ட்டின் பெயரில் தட்டினாள். பிறகு அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நுரையின் பெயரில், "போர்வையைக் கையால் பிழிந்து பார்த்தவர்கள் மட்டும் இதில் கருத்துச் சொல்வது நலம்" என்று பதில் போட்டாள். பின்னால் நின்றவர் அதைப் படித்துவிட்டு, "ம், எழுது" என்று அடுத்த வெட்டுக்குத் தயாரானார். மன்றத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் புருஷன் பெண்டாட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதுவது ஒருத்தி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

இப்படிச் சில வருஷங்கள் போயின. ஒருநாள் காலை மெக்கானிக் கடையில் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, தன் பெயரில் ஒரே ஒரு வரி போட்டாள்: "பெல்ட் இனி வர மாட்டார்." அனுதாபம் வந்து குவிந்தது. யாருக்கும் பதில் எழுதவில்லை. கம்ப்யூட்டருக்குக் கவர் போட்டு மூடினாள். பிறகு மகன் உள்ளூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, கல்யாணமும் செய்துகொண்டான். கடையாக இருந்த அறையில் இப்போது மருமகளின் ஸ்கூட்டர் நிற்கிறது.

மருமகள் பகலில் ஒரு டயக்னாஸ்டிக் லேபில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்காருகிறாள், மாலையில் மேற்படிப்பு. இணையமும் சமூகமும் என்பது அவள் எடுத்திருந்த பாடம். வாய் ஓயாத பெண். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தலையில் நிற்காது. அதனால் விடுமுறை நாட்களில் மாமியார் துணி மடிக்க, அவள் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். மனிதர்கள் இணையத்தில் ஏன் பொய்ப்பெயரில் பழகுகிறார்கள், முகம் தெரியாதவர்களுக்கு ஏன் அழுகிறார்கள் என்பதையெல்லாம் அப்படித்தான் டைப்பிஸ்டம்மா தெரிந்துகொண்டாள். இதற்கெல்லாம் கூடப் புத்தகம் போடுகிறார்களா என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை ஒருத்தி எழுதிய தடித்த புத்தகம் வந்தது. அதில் ஒரு அத்தியாயத்தின் தலைப்பு 'கற்பனைக் கணவன்'. மருமகள் சிரித்துக்கொண்டே தொடங்கினாள். ஒரு ரிப்பேர் மன்றத்தில் 'கயிறு', 'தூறல்' என்று இரண்டு பேர், அதாவது புத்தகத்துக்காக மாற்றிய பெயர்கள், கணவன் மனைவியாகப் பல வருஷம் சண்டை போட்டார்கள். ஆனால் இருவரும் ஒருத்தியே என்பது ஆராய்ச்சியில் தெரிந்தது. இருவரும் முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு தடவை இடம் விடுகிறார்கள். இருவரும் 'மேற்படி' என்று எழுதுகிறார்கள். ஒருவர் எழுதி முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்குகிறார். இருவரும் ஒரே சமயத்தில் எழுதியதே இல்லை. தனியாக இருந்த ஒரு பெண் தனக்கென்று ஒரு புருஷனை உண்டாக்கி, அவனோடு சண்டையும் போட்டு, அலுத்த பிறகு "இனி வர மாட்டார்" என்று ஒரு வரியில் பாத்திரத்தை முடித்துவைத்தாள். அப்படித்தான் புத்தகம் சொன்னது.

"பாவம் இல்ல அத்தை? எவ்வளவு தனியா இருந்திருந்தா இப்படி ஒரு புருஷனையே உண்டாக்கியிருப்பா," என்றாள் மருமகள்.

டைப்பிஸ்டம்மாவின் கையில் மகனுடைய சட்டை இருந்தது. அதன் கையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அந்தப் போர்வை சண்டை இருக்கா அதுல?"

மருமகள் பக்கம் புரட்டினாள். இருந்தது. அவள் மெல்லத் தலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"அந்தத் தனியாள் நான்தாம்மா," என்றாள் டைப்பிஸ்டம்மா. "அந்தக் கற்பனை உன் மாமனார்."

மருமகள் அந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார் சுவரில் படமாக இருந்தார். அவர் குரலை அவள் கேட்டதில்லை. மாமியார் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் பல கேள்விகள் கேட்டாள். அவர் பின்னால் நின்று சொல்லுவாரா, எல்லாவற்றையுமா, நீங்களாக எதுவும் சேர்க்கவில்லையா என்று. கேள்விகளில் தப்பில்லை; படிக்கிற பெண் கேட்காமல் யார் கேட்பார்கள்? ஆனால் கேள்விகளுக்கு நடுவே அவள் பார்வை ஒருமுறை சுவர்ப் படத்துக்குப் போய், அது மெய்தானா என்று சரிபார்ப்பதைப் போலத் திரும்பி வந்தது. அந்த ஒரு பார்வை டைப்பிஸ்டம்மாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற பெண்ணுக்கே சந்தேகம் என்றால், புத்தகத்தைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கு அவர் பிறக்கவே இல்லை.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் வந்ததும் விஷயம் தெரிந்து, யாரோ எதையோ எழுதினால் எழுதட்டும், பெயர்கூடப் போடவில்லையே, இதற்குப் போய்க் கவலைப்படுவதா என்றான். டைப்பிஸ்டம்மா மகனிடம் கோபப்படுகிறவள் அல்ல. அன்று மட்டும், "உங்கப்பா செத்ததை, நான் கதையை முடிச்சதா எழுதியிருக்கா. அதை நீ கேட்டுட்டுச் சும்மா இரு, நான் இருக்க மாட்டேன்," என்றாள்.

மருமகள் பேராசிரியைக்கு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. ஆராய்ச்சி நடந்தபோது இரண்டு கணக்குகளுக்கும் அனுமதி கேட்டு எழுதியதாகவும், பதிலே வரவில்லை என்றும் பேராசிரியை சொல்லியிருந்தாள். அது உண்மைதான். மகனுடைய அந்தப் பழைய முகவரியை அவனே மறந்து வருஷக்கணக்காகிறது; அவளுடைய கணக்கும் கவர் போட்ட கம்ப்யூட்டரோடு மூடித்தான் கிடந்தது. புத்தகம் திருத்திய பதிப்பாக வரப் போகிறது, நேரில் வந்து பேசலாமா என்று கேட்டிருந்தாள்.

வந்தவள் சின்ன வயதுக்காரி. மழைக்கோட்டை வாசலிலேயே உதறி மாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். டைப்பிஸ்டம்மா சண்டைக்குத் தயாராக முடியை இறுக்கி முடிந்திருந்தாள். ஆனால் வந்தவளோ டீயைக் கையில் வாங்கியதுமே, தப்பு நடந்திருந்தால் அது தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லிவிட்டால் யாரோடு சண்டை போடுவது? கோபம் வழி தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பேராசிரியை தன் ஆதாரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டைப்பிஸ்டம்மா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். டைப்ரைட்டரில் பழகிய கை, இரண்டு இடம் விடத்தான் செய்யும். மேற்படி என்பது வக்கீல் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பால்காரரிடம்கூட மேற்படி பால் திரிந்துவிட்டது என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள். மருமகள் சிரிப்பை அடக்கினாள். ஒரே சமயத்தில் இருவரும் எழுதியதில்லையே என்றதற்கு, "எப்படி எழுதுறது மேடம்? நாற்காலி ஒண்ணுதானே," என்றாள். பேராசிரியையும் சிரித்துவிட்டாள். மன்றத்தில் வந்த ஒவ்வொன்றிலும் எது புருஷன் சொன்னது என்று டைப்பிஸ்டம்மாவால் சொல்ல முடிந்தது. அவர் சொன்னதில் சமாதானம் இருக்காது, 'தயவுசெய்து' இருக்காது. இரண்டு மனிதர்கள் என்று பேராசிரியைக்கு உறுதியானது. கற்பனைக் கணவன் என்ற தலைப்பை எடுத்துவிடுகிறேன் என்றாள்.

"அத்தியாயத்தோட கடைசிப் பகுதியை மட்டும் அப்படியே வச்சுக்கறேன்," என்றாள் பேராசிரியை. "அவர் எழுதினதுலயே அதுதான் உச்சம். இப்ப அது நிஜமான ஒரு புருஷன் சொன்னதுன்னு தெரிஞ்ச பிறகு, இன்னும் அழகா இருக்கு."

அதைப் படித்தும் காட்டினாள். மன்றத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, தினமும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு நீங்கள் இருவரும் எப்படிச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள். பெல்ட்டின் பதில் இது: "சத்தம் போடுகிற மெஷினைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. சத்தம் நின்று போனால்தான் பதறிப்போய்த் திறந்து பார்ப்பேன். மேற்படி அம்மையார் பேசாமல் இருக்கும் நாளில் எனக்குக் கடையில் கை ஓடாது."

மருமகளின் கண் கலங்கிவிட்டது. "மாமா இப்படியா சொன்னாங்க," என்றாள். அந்தக் குரலில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. படத்தில் இருந்தவர் அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் உயிர் பெற்றார்.

டைப்பிஸ்டம்மாவுக்கு எல்லாம் கையில் கிடைத்தாகிவிட்டது. தலைப்பு போகிறது. புருஷன் இருந்தார் என்று அச்சில் வரப் போகிறது. அதுவும் எப்படிப்பட்ட புருஷன்? பெண்டாட்டி பேசாவிட்டால் கை ஓடாத புருஷன். வாயை மூடிக்கொண்டு டீ குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் போதும். வாயைத் திறந்தால், நான் சொன்னது பாதி சரிதானே என்று பேராசிரியை கேட்பாள், கேட்காவிட்டாலும் நினைப்பாள். மறுபடி அந்தச் சந்தேகப் பார்வை இந்த வீட்டுக்குள் வரும்.

அவள் குவளைகளை எடுக்கவில்லை.

"அது அவர் சொன்னது இல்ல மேடம். அதை எழுதினது நான்."

அன்று அந்தப் புதுப்பெண்ணின் கேள்வியை டைப்பிஸ்டம்மா படித்துக் காட்டியபோது மெக்கானிக் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா, தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டால் சொல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்ட பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். இவளும்தான் காத்துக்கொண்டிருந்தாள், கல்யாணமான நாளிலிருந்து. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் கை தானாகப் போய் அவர் பெயரில் அதைத் தட்டியது. அத்தனை வருஷத்தில் அவர் சொல்லாததை அவர் பெயரில் போட்டது அந்த ஒரு தடவைதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பேராசிரியை பேனாவை மூடி வைத்திருந்தாள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே," என்றாள் பேராசிரியை கடைசியில். கேட்டதில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"இருந்திருக்கலாம். முன்னாடி நீங்க அவரை இல்லேன்னு எழுதினீங்க. இப்ப வேற யாரையோ அவர்னு எழுதப் போறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்த மாதிரி இனிக்க இனிக்கப் பேசுற ஆளோட நான் குடும்பம் நடத்தல."

அப்படியானால் அத்தியாயத்தை வேறு விதமாகத்தான் எழுத வேண்டும் என்றாள் பேராசிரியை. ஒரு வீடு, ஒரு நாற்காலி, சொல்லுகிற ஒருவர், தட்டுகிற ஒருத்தி. எங்கே அவர் முடிந்து எங்கே இவள் தொடங்குகிறாள் என்று பிரிக்க முடியாத நிலை என்று என்னென்னவோ சொன்னாள். டைப்பிஸ்டம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. பிரிக்க முடியாது என்பது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு. நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு நன்றாகவே தெரியும் என்றாள்.

"சரி, அந்தப் பதிலை உங்க பேர்லயே போடறேன்," என்றாள் பேராசிரியை. "ஆனா அந்த இடத்துல அவரோட வார்த்தை ஒண்ணாவது வேணும். அவர் அதைப் பார்க்கவே இல்லையா?"

பார்த்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர், திரையில் தன் பெயருக்குக் கீழே இருந்ததைக் குனிந்து மெதுவாகப் படித்தார். மன்றத்துக்காரர்கள் அதற்குள் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள். அழித்துவிடு என்று சொல்லப் போகிறார் என்று டைப்பிஸ்டம்மா மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

"நான் இப்படியா சொன்னேன்னு கேட்டார். சொன்ன மாதிரிதான்னு சொன்னேன்." அவள் நிறுத்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டு, டீ எங்கேன்னார்."

பேராசிரியை பேனாவைத் திறந்தாள்.

மழைக்காலம் முடிந்து திருத்திய பதிப்பு வந்தது. பேராசிரியை ஒரு பிரதியை மருமகள் பெயருக்கே அனுப்பியிருந்தாள். அத்தியாயத்துக்கு வேறு தலைப்பு. பாத்திரத்தை முடித்துவைத்தாள் என்ற வரி போய், அவர் இறந்தார் என்று இருந்தது. பிரிக்க முடியாத நிலை என்பதை மட்டும் பேராசிரியை விடவில்லை; அதற்கே நாலு பக்கம் ஒதுக்கியிருந்தாள். படித்தவர்களுக்கு அதில் ஏதோ இருக்கும் என்று டைப்பிஸ்டம்மா விட்டுவிட்டாள்.

மருமகள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். சத்தம் நின்று போனால் பதறுவேன் என்ற பதில் அங்கே மனைவி எழுதியதாகவே இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி, கணவர் சொன்னதாக.

"இருந்துட்டுப் போகட்டும்," என்று மருமகள் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள், உருக்கமாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.

"இப்படி இல்ல," என்றாள் டைப்பிஸ்டம்மா. "கொஞ்சம் கரகரன்னு வச்சுக்கோ. பாதி கவனம் வேற எங்கேயோ இருக்கணும்."

மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"இன்னும் அலட்சியமா."

மருமகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, சுவர்ப் படத்தைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூன்றாவது தடவை சொன்னாள். பின்னால் டைப்பிஸ்டம்மாவிடமிருந்து திருத்தம் எதுவும் வரவில்லை.